தினமும் எழுத ஒரு தோல் நோட்டு: எதைப் பார்த்து வாங்குவது

தோல் அட்டை போட்ட நோட்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் தோலைத் தடவிப் பார்ப்பார்கள், முகர்ந்து பார்ப்பார்கள், பிறகு விலையைக் கேட்பார்கள். தாள் எப்படி என்பது வீட்டுக்கு வந்து எழுத உட்காரும்போதுதான் தெரியும். மை ஊறும், பின்பக்கம் எழுத முடியாது, நோட்டு விரிந்து நிற்காது. பத்து நாளில் அது அலமாரிக்குப் போய்விடும். எழுதுவது தாளில். நோட்டு மேசையில் படிந்து கிடக்குமா என்பதை முடிவு செய்வது பைண்டிங். தோலின் வேலை இவை இரண்டையும் காப்பது மட்டுமே. எனவே தாள், பைண்டிங், தோல் என்ற வரிசையில் பாருங்கள். பரிசாகக் கொடுப்பதற்கு என்றால் இவ்வளவு பாடு வேண்டாம், அழகாக இருந்தால் போதும்.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

192 பக்க நோட்டில் நாளுக்கு ஒரு பக்கம் எழுதினால் ஆறு மாதம் வரும், இரண்டு பக்கம் எழுதினால் மூன்று மாதம். ஆண்டுக்கு இரண்டிலிருந்து நான்கு நோட்டு தேவைப்படும். தோலோடு சேர்த்தே தைத்த நோட்டு என்றால் ஒவ்வொரு முறையும் தோலுக்கும் சேர்த்துக் காசு கொடுக்க வேண்டும். போதாததற்கு, தோல் கைக்குப் பழகி நிறம் கூடும் நேரத்தில் பக்கம் தீர்ந்துவிடும். தினசரி எழுத்துக்குத் தோல் உறை தனி, உள்நோட்டு தனி என்று இருப்பதுதான் சரி. ஒரு பயணத்துக்கோ குழந்தையின் முதல் ஆண்டுக்கோ என்று ஒரே ஒரு நோட்டு எழுதி மூடி வைக்கப் போகிறீர்கள் என்றால் சேர்த்துத் தைத்ததை வாங்கலாம்.

உறைகள் இரண்டு விதம். முதல் விதத்தில் இரண்டு பக்கமும் மடிப்புப் பை இருக்கும், நோட்டின் முன்னட்டையையும் பின்னட்டையையும் அதில் செருக வேண்டும். இரண்டாவது, ஒற்றைத் தோல் துண்டின் முதுகில் எலாஸ்டிக் கயிறு ஓடி, அதற்கடியில் மெல்லிய உள்நோட்டுகளை மாட்டும் வகை. 2006இல் ஜப்பானின் மிடோரி நிறுவனம் கொண்டுவந்த டிராவலர்ஸ் நோட்புக் இதைப் பரவலாக்கியது. அதன் தோல் உறை தாய்லாந்தின் சியாங் மாயில் தயாராகிறது. இந்த வகையில் நாட்குறிப்பு, கணக்கு, வேலைக் குறிப்பு என மூன்று நோட்டுகளை ஒரே உறையில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதன் உள்நோட்டு 110 × 210 மி.மீ. அளவு, நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்காது. ஏ5 (148 × 210 மி.மீ.) என்றால் எந்த ஊரிலும் கிடைக்கும், பைண்டரிடம் சொல்லியும் செய்துகொள்ளலாம். மேசையில் எழுதுபவருக்கு ஏ5. கைப்பையிலோ சட்டைப்பையிலோ வைத்துப் பேருந்தில் எழுதுபவருக்கு ஏ6 (105 × 148). இரண்டுக்கும் நடுவே பி6 (125 × 176) இருக்கிறது. கைக்கு மிகவும் இசைவான அளவு அதுதான், ஆனால் மாற்று நோட்டு தேட வேண்டியிருக்கும்.

எடையையும் பாருங்கள். 80 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ5 தாள் ஒன்று 2.5 கிராம். 96 தாளுக்கு 240 கிராம். அதே நோட்டு 100 ஜி.எஸ்.எம். என்றால் 300 கிராம். 2 மி.மீ. தோல் உறை இன்னும் 120, 130 கிராம் சேர்க்கும், பைகள் வைத்துத் தைத்தால் அதற்கும் மேல். தினமும் தோளில் தொங்கப்போகும் எடை இது. இன்னொன்று, ‘200’ என்று போட்டிருந்தால் பக்கமா தாளா என்று கேளுங்கள். ஒரு தாளுக்கு இரண்டு பக்கம். பாதிக்குப் பாதி ஏமாற இடம் இருக்கிறது.

தாள்: உங்கள் பேனாதான் நீதிபதி

பால்பாயிண்ட் பேனாவில் எழுதுபவர் தாளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, 70 ஜி.எஸ்.எம். கூடப் போதும். ஜெல் பேனாவுக்கு 80. சிக்கல் மைப்பேனாவில்தான் வரும். அதன் மை தண்ணீர் போல இருப்பதால், தாள் செய்யும்போது போடும் பசைப்பூச்சு சரியில்லை என்றால் நார் வழியே ஓடிவிடும். இதை ஜி.எஸ்.எம். மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. டோமோயே ரிவர் என்ற ஜப்பானியத் தாள் 52 ஜி.எஸ்.எம்.தான். எழுத்து பின்பக்கம் நிழலாகத் தெரியுமே தவிர, மை ஊறாது. பசைப்பூச்சு குறைந்த 100 ஜி.எஸ்.எம். தாளில் எழுத்தின் ஓரமெல்லாம் மயிர் மயிராகக் கிளம்பும். ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, அவ்வளவுதான்.

ஆகவே சொந்தப் பேனாவோடு கடைக்குப் போங்கள். மாதிரி நோட்டிலோ கடைசித் தாளின் மூலையிலோ எழுதிப் பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். செய்ய வேண்டியது இது:

1. வழக்கமான வேகத்தில் இரண்டு வரி எழுதுங்கள். எழுத்தின் ஓரம் கூராக நிற்கிறதா, மயிர் விடுகிறதா என்று பாருங்கள். சுழிகள் நிறைந்த ‘ணை’, ‘ழு’ போன்ற எழுத்துகளில் இது சீக்கிரம் தெரியும்.
2. ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து கோடு போடுங்கள். நார் பிய்ந்து முள்ளில் சிக்கினால் அந்தத் தாள் வேண்டாம்.
3. பேனா முனையை ஒரு புள்ளியில் மூன்று விநாடி அழுத்தாமல் வையுங்கள், பிறகு தாளைத் திருப்பிப் பாருங்கள். மங்கலான நிழல் பரவாயில்லை. மையே மறுபக்கம் வந்து புள்ளி வைத்திருந்தால் பாதி நோட்டு வீண்.
4. ஒரு சொல் எழுதிப் பத்து விநாடி கழித்து விரலால் தடவுங்கள். மிக வழுவழுப்பான தாளில் மை காயத் தாமதமாகும். மளமளவென்று எழுதிப் பக்கம் புரட்டுகிறவருக்கும் இடது கைக்காரருக்கும் இது பெரிய தொல்லை.

கைக்காகிதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராஜஸ்தானின் சாங்கானேரிலும், 1959இல் தொடங்கிய புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைக்காகித ஆலையிலும் பருத்தித் துணுக்குகளிலிருந்து அருமையான தாள் செய்கிறார்கள். சுற்றுலாத் தலங்களில் விற்கும் தோல் நோட்டுகளில் பெரும்பாலும் கைக்காகிதம்தான் இருக்கும். ஓரம் பிசிறு பிசிறாக, பழங்காலச் சுவடி போல வசீகரமாக இருக்கும். பென்சிலுக்கும் நீர்வண்ணத்துக்கும் பொருந்தும். மெல்லிய முள் வைத்த மைப்பேனாவுக்கு அதன் சொரசொரப்பு ஒத்துவராது, பல ரகங்களில் மை ஊறவும் செய்யும். தாள் பருமனாக இருப்பதால் பக்க எண்ணிக்கையும் குறைவு. அன்றாட எழுத்துக்கு அதை வாங்காதீர்கள்.

உள்நோட்டை நீங்களே பைண்டரிடம் கொடுத்துச் செய்வதென்றால் கேட்க வேண்டிய பெயர்கள் மேப்லித்தோ, எக்ஸிக்யூட்டிவ் பாண்ட். புத்தகங்களுக்குப் போடும் இளமஞ்சள் மேப்லித்தோவை அச்சகத்தில் ‘என்.எஸ்.’ என்பார்கள். இரவு விளக்கில் பளீர் வெள்ளையைவிட இதுவே கண்ணுக்கு இதம். மைப்பேனாவுக்கு 85 அல்லது 100 ஜி.எஸ்.எம். பாண்ட் தாளை முதலில் சோதித்துப் பாருங்கள். எழுதியதைப் பல ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றால் அமிலமற்ற தாளா என்று பாருங்கள். ஐஎஸ்ஓ 9706 என்ற குறிப்பு இருந்தால் நீண்ட காலம் நிலைக்கும் தாளுக்கான தரத்தில் செய்தது என்று பொருள்.

கோட்டு இடைவெளியை யாரும் கவனிப்பதில்லை. வெளிநாட்டு நோட்டுகளில் 6 மி.மீ. இடைவெளி சாதாரணம். தமிழில் ‘கி’, ‘மீ’ மேலே கொக்கி போடும், ‘து’, ‘பூ’ கீழே இறங்கும். 6 மி.மீ.யில் மேல்வரியின் காலும் கீழ்வரியின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். தமிழில் எழுத 7, 8 மி.மீ. எடுங்கள், அல்லது கோடு இல்லாத தாளை வாங்கி அடியில் கோட்டுத் தாள் வைத்து எழுதுங்கள்.

பைண்டிங்: மேலிருந்து பாருங்கள்

நோட்டை மூடி, முதுகின் மேல்முனையை நேராகப் பாருங்கள். தாள்கள் சிறு சிறு கட்டுகளாக மடிந்து, வரிசையாக வளைவுகள் தெரிந்தால் அது பாரம் பாரமாகத் தைத்தது. பைண்டர்கள் இதைச் செக்‌ஷன் தையல் என்பார்கள். ஏ4 அளவுத் தாள் நான்கை ஒன்றுக்குள் ஒன்றாக மடித்தால் 16 பக்கம், ஒரு பாரம். 12 பாரம் சேர்ந்தால் 192 பக்கம். ஏதாவது ஒரு பாரத்தின் நடுப்பக்கத்தைத் திறந்தால் நூல் தெரிய வேண்டும். வளைவு எதுவும் இல்லாமல் தாள்களின் வெட்டு ஓரம் நேராகப் பசையில் புதைந்திருந்தால் அது பர்ஃபெக்ட் பைண்டிங். பெயர்தான் அப்படி. விலை குறைவு, ஆனால் நோட்டு விரியாது. பலவந்தமாக விரித்தால் பசை விரிசல் விட்டு நடுத்தாள் கையோடு வரும். வெயிலில் நின்ற காருக்குள் வைத்தால் பசை இளகவும் செய்யும். தினமும் திறந்து மூடும் நோட்டுக்கு இது உதவாது.

அடுத்த சோதனை, நடுவில் திறந்து மேசையில் வைத்துக் கையை எடுப்பது. இரண்டு பக்கமும் படிந்து கிடக்க வேண்டும். புது நோட்டு கொஞ்சம் எழும்பும், அது பழகும். தானாக மூடிக்கொண்டால் வாங்க வேண்டாம்.

மூன்றாவது சோதனை நாரோட்டம். மரத்துக்கு இருப்பதுபோல் இயந்திரத்தில் செய்த தாளுக்கும் நார் ஓடும் திசை உண்டு. ஒரு தாளை மேலிருந்து கீழாக ஓடும் வளைவாக மெதுவாக வளைத்துப் பாருங்கள், பிறகு குறுக்காக. எந்த வளைவு எளிதோ அந்தத் திசையில் நார் ஓடுகிறது. அது முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். எதிராக இருந்தால் பக்கம் விறைத்து நிற்கும். மழைக்காலத்தில் தாள் ஈரம் வாங்கி நீள்வது நாருக்குக் குறுக்குத் திசையில்தான். முதுகில் அந்த நீட்சிக்கு இடமில்லாததால் அங்கே அலை அலையாகச் சுருக்கம் விழும். கடையில் வாங்கும் ஏ4 கட்டை இரண்டாக மடித்து ஏ5 நோட்டு செய்யும்போது இந்தத் தவறுதான் நடக்கிறது, ஏனென்றால் அந்தத் தாள்களில் பெரும்பாலும் நார் நீளவாக்கில் ஓடும். பெரிய தாளிலிருந்து நார் பார்த்து வெட்டச் சொல்லுங்கள்.

எலாஸ்டிக் உறைக்கான மெல்லிய உள்நோட்டுக்குப் பாரம் எல்லாம் வேண்டாம், 16 தாளை மடித்து நடுவில் தைத்தால் 64 பக்கம் வரும். அதற்கு மேல் போனால் உள்தாள்கள் வெளியே துருத்தும். சென்டர் பின் அடிப்பதைவிட நூல் நல்லது. ஏன் என்பது தோலுக்கு வரும்போது தெரியும்.

தோல்

விலங்கின் தோல் பருமனாக இருந்தால் அதைப் படலம் படலமாகப் பிரிப்பார்கள். மேல்புறம் நார்கள் நெருக்கமாகப் பின்னியிருக்கும், கீழே போகப் போகத் தளரும். மேல்புறத்தைத் தேய்க்காமல் அப்படியே விட்டது ஃபுல் கிரெய்ன். தழும்பும் பூச்சிக்கடியும் தெரியாதபடி மேற்பரப்பைத் தேய்த்துச் சமன்செய்து நிறம் ஏற்றியது கரெக்டட் கிரெய்ன். அடிப்படலம் ஸ்பிளிட். தோல் தூளையும் துணுக்கையும் பசையில் குழைத்துத் தகடாக்கி, மேலே பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கைப் பூசி அச்சு போட்டது பாண்டட் லெதர். ‘ஜெனுவைன் லெதர்’ முத்திரை அது தோல் என்பதை மட்டும் சொல்லும், எந்தப் படலம் என்று சொல்லாது. பாலியூரித்தேன் பூச்சு ஈரக்காற்றில் சிதைந்து செதில் செதிலாக உரியும். கடற்கரை ஊர்களில் இது சீக்கிரமே நடக்கும்.

பார்க்கும் முறை: வெட்டு ஓரத்தைப் பாருங்கள், நார் தெரிய வேண்டும். அட்டை போல ஒரே தூளாக இருந்தால் பாண்டட். உள்புறம் துணி ஒட்டி மறைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் நல்ல தோலில் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கங்கள் ஓடும், பெயிண்ட் கனமான தோலில் வெறும் பள்ளம் விழும். மயிர்க்கால் புள்ளிகள் எங்கும் ஒரே சீராக இருந்தால் அது அச்சு. ஒரு தழும்பு, ஒரு நரம்புக் கோடு இருந்தால் குறையாக நினைக்க வேண்டாம். பிறகு வெள்ளைத் துணியால் இருபது முறை தேயுங்கள், துணியை லேசாக நனைத்து இன்னொரு இருபது. நிறம் ஏறினால் வியர்க்கும் கையிலும் வெள்ளைச் சட்டையிலும் அதுவே ஏறும். இந்தச் சோதனையைத் தவறவிடாதீர்கள்.

பதனிடும் முறை இரண்டு. உலகில் பெரும்பகுதித் தோல் குரோம் உப்பில் பதனிடப்படுகிறது. மெத்தென்று இருக்கும், தண்ணீரைத் தாங்கும், நிறம் அதிகம் மாறாது. முழுக்கச் சாயம் ஏறாத தோலின் வெட்டு ஓரத்தில் நீலச் சாம்பல் நிறம் தெரியும். மற்றது பட்டை, காய்களின் துவர்ப்பில் வாரக்கணக்கில் பதனிடுவது. விறைப்பாகத் தொடங்கி, வெயிலும் கையெண்ணெயும் பட்டு நிறம் கூடிப் பழகும், சொட்டுத் தண்ணீர் பட்டால் கருத்துக் காயும். ஓரத்தைத் தேய்த்தே பளபளப்பாக்கலாம். குரோம் தோலின் ஓரத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும், அந்தப் பெயிண்ட் ஒருநாள் உரியும். நமக்குப் பிடித்தது இரண்டாவது, ஆனால் மழையில் இருசக்கர வண்டியில் போகிறவருக்குக் குரோம் தோலே வசதி.

துவர்த் தோலில் நமக்கு ஒரு பழைய பங்கு உண்டு. திண்டுக்கல், திருச்சி, ஈரோடு பகுதிகளில் ஆவாரம் பட்டையில் பதனிட்டுக் கடுக்காயில் முடித்த தோல் ‘ஈ.ஐ. லெதர்’ (ஈஸ்ட் இந்தியா லெதர்) என்ற பெயரில் கப்பல் ஏறியது. இன்று அது புவிசார் குறியீடு பெற்ற பொருள். ஆவாரம் பட்டையின் இடத்தை வாட்டில் மரத்தின் பட்டைச்சாறு பெரிதும் பிடித்துக்கொண்டது. ஆனால் பெருமையோடு இதையும் தெரிந்துகொள்ளுங்கள்: லண்டன் சொசைட்டி ஆஃப் ஆர்ட்ஸ் அமைத்த குழு 1901இல் வெளியிட்ட அறிக்கை, இந்த வழியில் பதனிட்ட ஆட்டுத் தோலால் கட்டிய புத்தகங்கள் பத்து ஆண்டுக்குள்ளேயே சிதைவைக் காட்டின என்று சொன்னது. பட்டைத் துவர்ப்பு, காற்றின் கந்தக அமிலத்தைத் தாங்காமல் சிவந்து பொடியாகும். கடுக்காய் போன்ற காய்த் துவர்ப்பு கூடுதலாகத் தாங்கும். மாற்றக்கூடிய உறைக்கு இது பிரச்சினை இல்லை. நூறாண்டு இருக்க வேண்டிய புத்தகத்துக்குக் கட்டுவதென்றால் எதில் பதனிட்டது என்று விசாரியுங்கள்.

அதே துவர்ப்பு இரும்பைக் கண்டால் கருத்துவிடும். கடுக்காயும் இரும்பு உப்பான அன்னபேதியும் கலந்துதான் அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்கள். ஈரத் துவர்த் தோலில் இரும்பு பட்டாலும் நடப்பது அதுவே, போகாத கறை. எனவே இரும்பு பின், முலாம் போன பட்டன் வேண்டாம். பித்தளை இருக்கட்டும்.

எந்த விலங்கு என்பதில் சுருக்கமாக: ஆட்டுத் தோல் மெல்லியதாக இருந்தாலும் உறுதி, சின்ன உறைக்கு ஏற்றது. மாட்டுத் தோல் எல்லாவற்றுக்கும் ஆகும். எருமைத் தோல் கரடுமுரடு, கனம். செம்மறித் தோல் மிருது, ஆனால் மேல்படலம் பிரியும் என்பதால் தினசரிக்கு வேண்டாம். ஒற்றைத் துண்டு எலாஸ்டிக் உறைக்கு 1.8 முதல் 2 மி.மீ., மடிப்புப் பை வைத்ததற்கு 1.2 முதல் 1.5 மி.மீ. பருமன் போதும்.

மூடும் முறை

சுற்றிக் கட்டும் தோல் நாடா படத்தில் அழகு. ஒரு வரி எழுதத் தோன்றும் ஒவ்வொரு முறையும் மூன்று சுற்று அவிழ்க்க வேண்டும். எலாஸ்டிக் எளிது, தளர்ந்தால் முடிச்சு அவிழ்த்துப் புதிது போட வழி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பட்டன் எழுதும் பக்கத்தின் கைக்கடியில் மேடாகத் தட்டக் கூடாது. பேனா வளையத்தில் உங்கள் பேனாவைச் செருகிப் பார்த்தே வாங்குங்கள்.

செய்யச் சொல்லி வாங்குவதென்றால்

சென்னையில் பெரியமேடு தோல் வியாபாரத்துக்கான இடம், சதுர அடிக் கணக்கில் விலை சொல்வார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பெரும்பாலும் காலணிக்கான குரோம் தோல். தோலை வாங்கி, பை தைப்பவரிடம் கொடுத்தால் உறை தயார். 15 மி.மீ. பருமனுள்ள ஏ5 நோட்டுக்கு அகலம்: 148 + 148 + 15, ஓரத்துக்கு 5 + 5, தோல் வளைவுக்கு 4, ஆக 325 மி.மீ. உயரம் 220. உள்பைகள் இரண்டு, 65 × 220, 1 மி.மீ. தோலில். சேதாரத்தோடு ஒன்றரைச் சதுர அடி போதும். கெட்டி அட்டை நோட்டு என்றால் தாளை அளக்காமல் அட்டையோடு அளந்து, உயரத்தில் 10 மி.மீ. கூட்டுங்கள். தையலே இருபுறமும் 3 மி.மீ. தின்றுவிடும். மெழுகு நூல், தையல் இடைவெளி 3 முதல் 4 மி.மீ. அதைவிட நெருக்கினால் ஓட்டை வரிசையாகக் கிழியும்.

இணையத்தில் வாங்குவதென்றால் நான்கு படம் கேளுங்கள்: வெட்டு ஓரம், உள்புறம், முதுகின் மேல்முனை, நடுவில் விரித்த நோட்டு. உள்நோட்டின் அளவை மி.மீ.யில் எழுதித் தரச் சொல்லுங்கள். ‘ஸ்டாண்டர்ட் சைஸ்’ என்ற பதிலை ஏற்காதீர்கள்.

பழக்குவதும் பராமரிப்பும்

புது நோட்டை எடுத்ததும் நடுவில் அழுத்தித் திறக்காதீர்கள். முதுகை மேசையில் நிறுத்தி, முன்பக்கம் பத்துத் தாள், பின்பக்கம் பத்துத் தாள் என்று மாற்றி மாற்றி விரித்து முதுகோரம் விரலால் நீவி நடுவுக்கு வாருங்கள்.

தோலுக்குத் தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் போடும் யோசனையைப் பலரும் சொல்வார்கள். திட்டுத் திட்டாகக் கருக்கும், தாளுக்கும் ஊறும். ஷூ பாலிஷ் கையில் ஒட்டும். தோலுக்கென்று விற்கும் கண்டிஷனரை ஆண்டுக்கு இரண்டு முறை, ஒரு மிளகளவு துணியில் எடுத்து மெல்லப் பூசினால் போதும். முதலில் உள்புற மூலையில் பூசி நிறம் மாறுகிறதா என்று பாருங்கள். நோட்டை வெளியே எடுத்துவிட்டுப் பூசி, ஒருநாள் கழித்து மாட்டுங்கள். நனைந்துவிட்டால் துணியால் ஒற்றி, விரித்த நிலையில் நிழலில் காய வையுங்கள். ஹேர் டிரையரோ வெயிலோ காட்டினால் தோல் விறைத்து வெடிக்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் பூஞ்சை வரும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தால் நிச்சயம் வரும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். தினமும் எழுதும் நோட்டில் பெரும்பாலும் வராது, காற்றும் கையும் படுவதே போதும். வந்துவிட்டால் வீட்டுக்கு வெளியே எடுத்துப் போய் உலர்ந்த பிரஷால் துடையுங்கள், பிரஷை அப்புறம் கழுவுங்கள். ஈரத் துணி பூஞ்சையைத் தோலுக்குள் தேய்த்துவிடும். இரண்டு நாள் காற்றோட்டமான நிழலில் விட்டு, நாற்றம் போன பிறகு உள்நோட்டை மாட்டுங்கள்.